வெங்காயம் பக்கத்துக் கடையில்

எழுபதுகளின் நடுவில், கிளேட்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் நான் ஒரு சின்னக் கடை வைத்திருந்தேன். அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், நெத்தலிக் கருவாடு, வீட்டில் நானே வறுத்துத் திரித்த கறித்தூள், எல்லாம் இருந்தன. வெங்காயம் மட்டும் இல்லை. சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வெங்காயம் இல்லாமல் கடை நடத்தினாள் என்றால் என் பிள்ளைகளே நம்புகிறார்கள் இல்லை.

கடை திறந்த அன்று பக்கத்து மரக்கறிக் கடைக்காரி ஒரு தட்டுத் தோடம்பழத்தோடு வந்தாள். கிரேக்கத்துப் பெண், கிட்டத்தட்ட என் வயது. கன்னத்தில் கொஞ்சி வாழ்த்துச் சொன்னவள், மூலையில் கிடந்த வெங்காய மூட்டையைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள். அவளுடைய ஆங்கிலமும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆகவே அவள் சொன்னதை எங்கள் தமிழிலேயே சொல்கிறேன்.

"இந்தத் தெருவில ஒருத்தர் விக்கிற சாமானை மற்றவர் விக்கிறேல்லை. எனக்கு மரக்கறி, உனக்கு அரிசி பருப்பு. உன்ர சாமானைக் கேட்டு ஆர் வந்தாலும் நான் உன்னட்டைத்தான் அனுப்புவன்."

அது எங்கும் எழுதாத சட்டம். இறைச்சிக் கடையில் முட்டை இராது, பாலும் பாணும் விற்கிற மில்க் பாரில் முட்டை இருந்தபடியால். தையல் சாமான் கடையில் சப்பாத்து நாடா கேட்டால், சப்பாத்துத் தைக்கிறவரின் கடையைக் கைகாட்டுவார்கள். எனக்கு அது நன்றாகப் பிடித்துப்போயிற்று. வந்த நாட்டில் என்னையும் தன் ஆளாக எண்ணி ஒரு தெரு சட்டம் சொல்கிறதே என்று உச்சி குளிர்ந்துவிட்டது. மூட்டையை அன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோனேன். வெங்காயக் குழம்பு, வெங்காயச் சம்பல், வெங்காயப் பொரியல் என்று சமைத்துத் தள்ளியதில் என் வீட்டுக்காரர் மூக்கால் அழுதார்.

அதன்பிறகு வெங்காயம், பச்சை மிளகாய், உருளைக்கிழங்கு என்று யார் கேட்டாலும் "பக்கத்துக் கடை" என்பேன். மல்கிரேவ் பக்கமிருந்தும் எங்கள் ஆட்கள் வருவார்கள். சிலரை நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், இவர்கள் நல்ல மனிதர், நல்லதாகப் பார்த்துக் கொடு என்று அவளிடம் விட்டிருக்கிறேன்.

பிறகு கொஞ்சத் தூரத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதி திறந்தது. கூரைக்குக் கீழே நூறு கடை, வெளியே கடல் மாதிரிக் கார் நிறுத்துமிடம். மழையில் நனையாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கலாம் என்றால் யார்தான் எங்கள் தெருவுக்கு வருவார்கள்? முதலில் தையல் சாமான் கடை பூட்டுப்பட்டது. அடுத்தது இறைச்சிக் கடை. சப்பாத்துத் தைக்கிறவர் ஒருவருக்கும் சொல்லாமல் போய்விட்டார்.

அடுத்தது நானோ என்று பயந்தேன். இந்தக் கடை எடுப்பதற்கு முன் நான் ஒரு தொழிற்சாலையில் தகரப்பேணிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய், நீ" என்பார்கள். கடை போனால் திரும்ப அங்கேதான். அதை அவளிடம் சொல்லி அழுதும் இருக்கிறேன். அவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"ஆர் போனாலும் நாங்கள் ரெண்டு பேரும் போறேல்லை. நீ எனக்கு, நான் உனக்கு."

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது.

எங்கள் ஆட்களில் ஒரு டாக்டரின் மனைவி இருந்தா. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடைக்கு வந்தால் கதிரையில் இருந்து ஊர்க்கதை முழுவதும் கதைத்துவிட்டுத்தான் போவா. அந்த அக்காவே ஒருநாள் சொன்னா:

"பிள்ளை, நீ வெங்காயத்தையும் போடன். ரெண்டு கடை ஏறி இறங்கேலாது. சனம் எல்லாம் அங்கால போகுது."

"ஏலாது அக்கா. அது அவவின்ர சாமான்."

வீட்டிலும் அதே பாட்டு. "உனக்கென்ன விசரோ? தெருவே இல்லையாம், இவ தெருச் சட்டம் கதைக்கிறா!" என்று வீட்டுக்காரர் கத்தினார். நான் அசையவில்லை. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை அக்கா வந்தா. கையில் மரக்கறிக் கடைப் பை. கதிரையில் இருக்கவில்லை.

"கறித்தூள் மட்டும் தா பிள்ளை."

பையின் வாய் திறந்து கிடந்தது. வெங்காயத்துக்கு மேலே மைசூர்ப் பருப்பு, கடுகு, செத்தல் மிளகாய். என் கடையில் வாங்கியவை அல்ல.

"இதெல்லாம் எங்க அக்கா வாங்கினியள்?"

"பக்கத்திலதான். போன கிழமையில இருந்து அவவிட்டை எல்லாம் இருக்கு. நான்தான் சொல்லிக் குடுத்தனான். பாவம், அவவுக்கு எது மைசூர்ப் பருப்பு, எது கடலைப் பருப்பு எண்டே தெரியேல்லை."

பாவமாம்! அவ பாவமாம்! எனக்கு வந்த கொதியில் கறித்தூள் பையைக் கொடுத்தேனா எறிந்தேனா தெரியாது. கடையைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன்.

அங்கே தக்காளிக்கும் முட்டைக்கோவாவுக்கும் நடுவில் அரிசி மூட்டைகள் வரிசையாக நின்றன. அவள் என்னைக் கண்டதும் ஒளிக்கவில்லை, தலை குனியவும் இல்லை.

"இந்தத் தெருவில ஒருத்தர் விக்கிறதை மற்றவர் விக்கிறேல்லை எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நான்தான்."

"பிறகு?"

"என்ர ஆக்கள் எல்லாம் அங்க போயிட்டினம். ஒருத்தரும் மிச்சமில்லை. எனக்கு இப்ப மிச்சமா இருக்கிறது நீ அனுப்பின ஆக்கள் மட்டும்தான்."

 நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர்களையே வைத்து என் கடைக்கு மண்ணள்ளிப் போட்டுவிட்டாளே! அவளுடைய ஆட்களைப் பெரிய கடைத்தொகுதி பறித்தது, என்னுடையவர்களை அவள் பறித்தாள். கடைத்தொகுதிக்காரன் என் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணியவன் இல்லை. அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

வசந்தம் வருவதற்குள் கடையைப் பூட்டினேன். கடைசி நாள் அவள் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நடிப்பு இல்லை, உண்மையான அழுகை. அதுதான் எனக்கு இன்னும் கொதியை ஏற்றியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, மிஞ்சிய அரிசி மூட்டைகளைத் தான் எடுக்கலாமா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் வீட்டுக்காரர் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டார். "வியாபாரம் எண்டா அப்பிடித்தான்" என்றார், எனக்கு ஆறுதலாம்.

நான் திரும்பவும் லேபிள் ஒட்டப் போனேன். வீட்டில் இருந்த அரிசி முடிந்ததும் வீட்டுக்காரர் ஒரு பின்னேரம் வெளியே போய் ஒரு பையோடு வந்தார். பெரிய கடைத்தொகுதியில் எங்கள் வாய்க்குப் பிடித்த அரிசி இல்லை. எங்கே வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உலை வைத்தேன். அந்தச் சோறு தொண்டையால் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இறங்கியது. நாள் முழுக்க நின்று வேலை செய்த பசி, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.