சலோமியம்மா கேட்கச் சொன்ன கேள்வி

மைக்கைப் பிடித்ததுமே, "கர்த்தர் இப்போ என்கிட்ட பேசுறார்" என்று ஆரம்பிக்கிற இளம் ஊழியக்காரத் தம்பிகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

ஏரியூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபையில் நான் போதகராக இருந்தபோது, சலோமியம்மாவின் ஒரே மகன் டேவிட் மீன் பிடிக்கப் பரிசலில் காவிரிக்குப் போனான். திடீரென்று வெள்ளம் வந்துவிட்டது. பரிசல் மட்டும் கரை ஒதுங்கியது. தீயணைப்புக்காரர்கள் தேடிச் சலித்துப் போனார்கள்; உடல்கூடக் கிடைக்கவில்லை.

படத்தை வைத்து அடக்க ஆராதனையை முடித்துவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். சலோமியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"பிரசங்கத்துக்கு முன்னாடி முட்டி போட்டு ஆண்டவருகிட்ட கேக்குறீங்களே ஐயா, இதையும் கேளுங்க. எம் பையன் இருக்கானா, இல்லையா? அவரு இல்லைன்னு சொல்லிட்டா நான் மனச தேத்திக்குவேன்."

அது என் வழக்கம்தான். எவ்வளவு தயார் செய்திருந்தாலும், 'நீர் தராவிட்டால் என்னிடம் ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டுத்தான் பிரசங்க மேடை ஏறுவேன். பெரும்பாலும் ஏதோ ஒரு வார்த்தை கிடைத்துவிடும். அந்த நம்பிக்கையில் உபவாசம் இருந்து கேட்டேன். ஒன்றும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, அந்தப் பார்வை! ஆறு போன வேகத்துக்குப் பையன் பிழைத்திருக்க மாட்டான் என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் அது என் புத்தி சொன்னது. ஆண்டவர் பேரில் அதை எப்படிச் சொல்வது?

ஆராதனை முடிந்து வாசலில் எல்லாருக்கும் கைகொடுத்து அனுப்பும்போது அந்த அம்மா கேட்டார்.

"சொன்னாருங்களா?"

"இல்லீங்கம்மா."

அடுத்த வாரமும் இதே கேள்வி, இதே பதில். அதற்கடுத்த வாரமும்.

இதற்கிடையில் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். அந்த அம்மாவின் தலையில் கைவைத்து, "உன் மகன் உயிரோட இருக்கான், திரும்பி வருவான்" என்று அடித்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார். மறுநாளே டேவிட்டுக்குப் புதுச் சட்டை வாங்கப்பட்டது. பென்னாகரம் பஸ் வரும் நேரமெல்லாம் அந்த அம்மா ஸ்டாப்பில் நின்றார். மாதக்கணக்கில் நின்றார். வெயிலில் நிற்கிறாரே என்று கூப்பிடப் போனால், "நீங்க போங்க ஐயா, அவன் வந்ததும் கூட்டியாறேன்" என்பார். வீட்டுக்கு வந்து நான் அழுதிருக்கிறேன்.

பிறகு ஸ்டாப்புக்குப் போவதை விட்டுவிட்டார்; வாசலில் என்னிடம் கேட்பதை மட்டும் விடவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று சபையார் சால்வை போட்டார்கள். சலோமியம்மா கடைசியாக வந்தார். அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

"புதுசா வர்ற ஐயாகிட்ட சொல்லிட்டுப் போங்க. ஆண்டவரு சொல்லலைன்னா, சொல்லலைன்னே சொல்லட்டும். இன்னொரு தடவ பஸ் ஸ்டாப்புல நிக்க என்னால ஆவாதுங்க."

பொறுப்பை ஒப்படைத்தபோது புதியவரிடம் இதை அப்படியே சொன்னேன். ஊழியத்தில் நான் கற்றுக்கொண்டதும் இதுதான்: ஆண்டவர் தந்தால் பேசலாம்; தராவிட்டால், அழுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாமும் அழலாம். டேவிட்டைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. தினமும் முழங்காலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.