பக்கத்து லேனில் விழுந்த பத்து

என் மகளை ஏர் பிஸ்டல் பயிற்சியில் சேர்த்துவிட்டது நான்தான். ஓசூரில் ஒரு பைக் சர்வீஸ் கடையின் மாடியில் அந்தச் சுடும் ரேஞ்ச் இருந்தது. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் அவளைக் கூட்டிக்கொண்டு போய், கீழிருந்து ஏறி வரும் கிரீஸ் வாசனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் அங்கிருந்த பயிற்சியாளர், தருமபுரிப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், "சும்மா உக்காந்துகினு இருக்கீங்களே மேடம், ஒரு தடவ சுட்டுத்தான் பாருங்களேன்" என்றார்.

சுட்டேன். பத்து மீட்டர் தள்ளியிருந்த கறுப்பு வட்டத்தின் நடுவுக்கு மிகப் பக்கத்தில் போய் விழுந்தது குண்டு. அந்த நிமிடமே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டாவது குண்டு அட்டையிலேயே படவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மகள் சீக்கிரமே சலித்துப்போய் நீச்சலுக்கு மாறிவிட்டாள். நான் ரேஞ்சிலேயே தங்கிவிட்டேன்.

என் உத்தியோகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பது என் வேலை. தப்பாகக் காட்டும் கருவியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைத்துவிடுவேன். பல வருடங்களாக இதையே செய்து எனக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எங்கே எந்த எண் எனக்குப் பிடிக்காமல் போனாலும் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். எடை பார்க்கும் மெஷின், காய்ச்சல் பார்க்கும் மெஷின், மகளின் கணக்குப் பரீட்சைத் தாள் எல்லாவற்றிலும் அப்படித்தான்.

வீட்டில் துப்பாக்கி கிடையாது. ஆனாலும் பயிற்சி செய்ய வேண்டுமே. ஹால் சுவரில் ஒரு கறுப்பு வட்டத்தை ஒட்டி, தண்ணீர் நிரப்பிய பாட்டிலை ஒற்றைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாடகை விஷயமாக மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்கார அம்மா என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, செவுத்துல கருப்புப் பொட்டு வெச்சி அதையே மொறச்சிகினு நிக்கிற? எதுனா வேண்டுதலா?" என்று கேட்டார்.

"போட்டிக்கும்மா."

"எந்தப் போட்டி? கண்ணு கொட்டாம நிக்கிற போட்டியா?"

அவருக்கு விளக்கிச் சொன்னேன். வீட்டுக்குள் போனதும் யாரிடமோ தெலுங்கில் சொல்லி அவர் சிரிப்பது மாடியிலிருந்து கேட்டது.

போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியாளர் விதிகளைச் சொன்னார். மஞ்சள் அட்டை காட்டினால் எச்சரிக்கை. பச்சை அட்டை காட்டினால் இரண்டு புள்ளி போயிற்று. சிவப்பு என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உத்தரவு வருவதற்கு முன் சுடக் கூடாது, அடுத்தவர் இலக்கில் சுட்டால் பூஜ்யம் என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இதெல்லாம் கவனமில்லாத ஆட்களுக்காகப் போட்ட விதிகள் என்பது என் எண்ணம்.

போட்டி கிருஷ்ணகிரியில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவர் காரில் கூட்டிக்கொண்டு போனார். குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தியபோது, "நீ கடைசியா வந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்லா?" என்று கேட்டார். நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். ஆறுதலைக்கூட இப்படித்தான் சொல்வோம்.

ரேஞ்சில் இரவல் வாங்கிய துப்பாக்கியையும் என் உடையையும் சோதிக்கும் மேசையிலேயே என் தவறுகளின் கணக்கு தொடங்கியது. எனக்கு வலது கையில் வாட்ச் கட்டும் பழக்கம். அதோடு, முந்தின நாள் ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய் இந்தப் போட்டிக்கென்றே ஒரு சிவப்புக் கயிறும் கட்டியிருந்தேன்.

"சுடற கையில ஒண்ணும் இருக்கக் கூடாதும்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"சாமி கயிறு சார்."

"சாமி கயிறுதான். அதையே பத்து சுத்து சுத்துனா மணிக்கட்டுக்குப் பட்டி கட்டுன மாதிரி ஆயிடுமில்ல?"

ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்தார். வெட்டிய கயிற்றைக் கணவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கித் தன் கையில் கட்டிக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் போய் நிம்மதியாக உட்கார்ந்தார்.

எனக்கு ஏழாம் லேன். இடது பக்கம் ஆறாம் லேனில் ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், அகலமான முதுகு. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று முடிவைப் பிரித்துப் பார்த்தாலும் அன்றைக்கு எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்திருந்தார்கள். "பயப்படாதீங்க மேடம், நானும் போன வருசம் இப்படித்தான் நடுங்கிகினு நின்னேன்" என்றார். நான் நடுங்கவில்லை என்று அவருக்குச் சொன்னேன். சொல்லும்போது குண்டு டப்பா கையிலிருந்து நழுவிக் கீழே சிதறியது. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம்.

முதலில் பழகிக்கொள்ள நேரம் கொடுப்பார்கள். எத்தனை வேண்டுமானாலும் சுடலாம், கணக்கில் சேராது. அதில் எனக்கு வரிசையாக நல்ல குண்டுகள் விழுந்தன. அந்த மகிழ்ச்சியில் ஒலிபெருக்கியில் 'நிறுத்து' என்று சொன்னது காதில் விழவில்லை. எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார்கள். அரங்கம் அமைதியானது. ஆகா, நமக்காகவே அமைதியாகிறார்கள் என்று நினைத்து ஒன்று சுட்டேன். அந்த அமைதியில் அந்த ஒற்றைச் சத்தம் கதவைச் சாத்தியது மாதிரி கேட்டது.

அதிகாரி வந்து பச்சை அட்டையைக் காட்டினார். போட்டி தொடங்குவதற்கு முன்பே என் முதல் குண்டுக்கு இரண்டு புள்ளி குறைந்துவிட்டது.

அதற்குப் பிறகு அடக்கமாகச் சுட்டேன். எட்டு, ஒன்பது, எட்டு என்று ஒழுங்காகப் போனது. பாதிக்கு மேல் முடிந்திருக்கும், வியர்வை வழிந்து மூக்குக் கண்ணாடி மங்கலாகிவிட்டது. துப்பாக்கியை வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் வந்து துப்பட்டா நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். திரும்பப் போய் நின்று, கையைத் தூக்கி, மூச்சை அடக்கினேன். குறி வட்டத்துக்கு அடியில் வந்து அசையாமல் நின்றது. என் வாழ்க்கையில் என் கை அப்படி நின்றதே இல்லை. விரல் தானாக மடங்கியது. அது நட்டநடுவில் விழும் பத்துதான் என்று சுடும்போதே தெரிந்தது.

குண்டு விழுந்த இடத்தையும் புள்ளியையும் காட்டும் பக்கத்துத் திரையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பழைய எட்டுதான் நின்றுகொண்டிருந்தது.

கையை உயர்த்தினேன். அதிகாரி வந்தார்.

"சார், உங்க மெஷின் வேலை செய்யலை. நான் சுட்டது பதிவாகலை."

"சுட்டீங்களா மேடம்? நல்லாத் தெரியுமா?"

கோபம் வந்தால் என் பேச்சு நேராக ஊருக்குப் போய்விடும். "என்ன சார் சொல்லுதீய? சுட்டது எனக்குத் தெரியாதா? நான் அளவுக் கருவியைச் சோதிக்கிற வேலையில இருக்கேன். இதை எப்போ கேலிப்ரேட் பண்ணுனீங்க? அதுக்கு ரிப்போர்ட் இருக்கா?"

அவர் பதில் சொல்வதற்குள் இடது பக்கத்து அகல முதுகு திரும்பியது. தக்காளி மண்டிக்காரரும் கையை உயர்த்தியிருந்தார்.

"சார், நான் துப்பாக்கியவே தூக்கல. பத்து வுழுந்திருக்குது."

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "பாத்தீயளா? அவரு மெஷினும் கோளாறு! சுட்டதைக் காட்ட மாட்டேங்குது, சுடாததைக் காட்டுது!" என்று அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

அதிகாரி இரண்டு லேனுக்கும் நடுவில் வந்து நின்றார். ஆறாம் லேன் திரையைப் பார்த்தார். ஏழாம் லேன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மூன்றாவது பார்வையில்தான் எனக்கு விளங்கியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு வந்தவள் பக்கத்து லேனின் இலக்கைப் பார்த்து நின்றிருக்கிறேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த குண்டு ராயக்கோட்டைக்காரரின் இலக்கின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது.

"உங்களுக்கு அந்த ஷாட் பூஜ்யம்மா" என்றார் அதிகாரி, கொஞ்சம் மெதுவான குரலில்.

"சரி சார்."

"அவரு சுடலைன்றதால அவருக்கும் அது கணக்கில்ல."

"அப்ப அந்தப் பத்து?"

"அது யாருக்கும் இல்ல."

தக்காளி மண்டிக்காரருக்குத்தான் என்னைவிட வருத்தம். "நல்ல பத்து மேடம். சும்மா வந்த சரக்க திருப்பி அனுப்பற மாதிரி இருக்குது" என்றார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பத்து அவர் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். உடனே கையைத் தூக்கிவிட்டார் மனிதர்.

மீதிக் குண்டுகளை எப்படிச் சுட்டேன் என்று நினைவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் இலக்குக்கு மேலிருந்த ஏழு என்ற எண்ணைச் சத்தமில்லாமல் படித்தேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. முடிவுப் பட்டியலில் எனக்குக் கீழே ஒரே ஒரு பெண் இருந்தாள். அவள் துப்பாக்கி நடுவில் பழுதாகிவிட்டதாம். போய் அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டேன். "மெஷின எல்லாரும்தான் திட்டுவாங்க. ரிப்போர்ட் கேட்டது நீங்கதான் மொதல்" என்று சிரித்தார்.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போவதற்கு முன்பே சேதி போய்விட்டது. என் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் தன் தங்கையோடு போட்டிக்கு வந்திருந்தது எனக்குத் தெரியாது. என் மேசை டிராயரைத் திறந்தால் என் கண்ணாடிக் கூட்டின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நியாயமான ஸ்டிக்கர்தான். நான் அதைப் பிய்க்கவில்லை.

கண் டாக்டரிடம் போய்ச் சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி வாங்கினேன். வாட்சை இடது கைக்கு மாற்றினேன். உத்தரவு வந்ததும் ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொட வேண்டும் என்று பயிற்சியாளர் பழக்கினார். சில மாதங்கள் கழித்து தருமபுரியில் இன்னொரு போட்டி. மஞ்சள் இல்லை, பச்சை இல்லை, பூஜ்யம் இல்லை. அறுபது குண்டும் என் இலக்கில்தான் விழுந்தன. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தால், அத்தனை தண்டனையும் வாங்கிய கிருஷ்ணகிரிப் போட்டியைவிடக் குறைவாக இருந்தது.

திரும்பி வரும்போது கணவர் கேட்டார். "இந்தத் தடவை தப்பு ஒண்ணும் பண்ணலைல்லா?"

"இல்ல."

"பெறகு எப்படி கொறஞ்சுது?"

சூளகிரி தாண்டும் வரை யோசித்தேன். கருவி சரியாக இருந்தது, கண்ணாடி சரியாக இருந்தது. "எனக்கு இன்னும் சுடத் தெரியலங்க" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முன்னால் போன லாரியைத் தாண்டிவிட்டு, "சரி, சனிக்கிழமை ரேஞ்சுக்கு எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.