விறகுக்கட்டும் கப்பல் புகையும்

தேவாலாவுக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இருபது வருடமாகக் கொழுந்து பறிப்பவர் ரேணுகா. அவருடைய வாய்க்குப் பயந்து சூப்பர்வைசரே சுற்றிப் போவார். மெச்சித்தான் சொல்கிறேன். அந்த வாய் இல்லாவிட்டால், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தில் பாதி வீடு இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கும்.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் நாளில், கழித்துப் போட்ட குச்சிகளை வீட்டுக்குக் கட்டிப் போவது அங்கே வழக்கம். அடுப்புக்கு மேலே பரணில் காயவைத்து எரிப்பார்கள். இந்த ஆகஸ்டில் ரேணுகாவுக்கு அது இல்லாமல் முடியாது. மகள் சுவாதிக்குக் குழந்தை பிறந்து பதினோரு நாள். அடைமழை, கரண்ட் வந்தால் உண்டு. தாய்க்கும் பிள்ளைக்கும் வெந்நீர் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அறிவிப்பு வந்தது. தேயிலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, எஸ்டேட்டிலிருந்து எவ்வளவு புகை காற்றில் கலக்கிறது என்று கணக்கு எடுக்கிறதாம். லயத்தில் விறகு எரியக் கூடாதாம். இனிக் குச்சியைத் தொடமாட்டோம் என்று இன்றைக்குள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். நல்ல கூத்து!

சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கம்பெனி ஆள் பிராங்ளின் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ரேணுகா தன் விறகுக்கட்டை அவர் முன்னால் தொப்பென்று இறக்கினார்.

"சார், எந் தம்பி சசிதரன் கப்பல்ல இன்ஜின் ரூம்ல இருக்கான். அவன் கப்பல் ஒரு நாளைக்கு நாப்பது டன் எண்ணெய் குடிக்குதாம். கொஞ்சம் மெதுவா ஓட்டினாலே எவ்வளவோ மிச்சமாம். எங்க தேயிலையும் கப்பல்லதானே போகுது? அந்தப் புகைய எழுதிட்டீங்களா?"

"அது இந்தக் கணக்குல வராதும்மா."

"எங்க அடுப்பு வருது, கப்பல் வராதா? என்னா சார் நியாயம் இது?"

பிராங்ளின் நெளிந்தார். "அதுக்கும் சட்டம் வரும்மா. கப்பல் புகைக்குக் கட்டணம் போடணும்னு போன அக்டோபர்ல எல்லா நாடும் லண்டன்ல கூடிப் பேசினாங்க. ஒத்து வரல. முடிவை ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டாங்க."

அடப்பாவிகளா! எத்தனை நாடு, எத்தனை பெரிய மனிதர்கள்! அவர்களிடம் தாளை நீட்டி, இன்றைக்கே போடு என்று ஒருவரும் நிற்கவில்லை.

கையெழுத்துக்காக அவர் நீட்டிய பேனாவை ரேணுகா மூடி மேசையில் வைத்தார். "அப்ப நானும் ஒரு வருஷம் தள்ளி வக்கிறேன் சார். அதுவரைக்கும் எம் பேரப்புள்ள குளிக்கணும்."

வரிசையில் அடுத்து நின்ற காத்தாயி, அந்த விறகுக்கட்டைத் தூக்கி ரேணுகாவின் தலையில் ஏற்றிவிட்டார். பிறகு கையெழுத்துப் போடாமல், மலையில் விட்டு வந்த தன் விறகுக்கட்டை எடுக்கத் திரும்பி நடந்தார்.