கல்யாண வாசலில் ஜெயக்கொடி அக்கா கொடுத்த நோட்டீஸ்

ஜெயக்கொடி அக்கா போயிட்டாங்க. காலையில் போன். சாயங்காலம் எல்லாம் முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் பண்ணுகிறேன்.

எழுபத்து மூன்று வயது. "வயசாயிருச்சுல்ல" என்று யாரும் கமெண்ட்டில் ஆறுதல் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சு அக்காவுக்கு ஆகாது. எனக்கும்தான்.

எண்பதுகளில் ராஜபாளையத்தில் ஒரு பிரஸ்ஸில் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா அச்சுக்கு ஈய எழுத்துக் கோர்ப்பார், நான் மெஷின் ஓட்டுவேன். அக்காவின் கணவர் முப்பத்தொரு வயதில், சைக்கிள் மிதித்துக்கொண்டு போகும்போதே சரிந்து விழுந்து இறந்தவர். ஒரே மகன், முருகேசன்.

"வந்தவ காலடி சரியில்ல. எம்புள்ளைய முழுங்கிட்டா." மாமியார் இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. தெருக்குழாயடியில் நின்று சொல்வார்.

எங்கள் பிரஸ்ஸுக்குக் கல்யாணப் பத்திரிகைதான் பிழைப்பு. நம்ம பக்கத்துப் பத்திரிகை தெரியும்தானே... பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் என்று ஊர்ப்பட்ட பெயர் இருக்கும். இறந்தவர் பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடுவோம்.

மாமியாரின் தங்கை மகனுக்கு மம்சாபுரத்தில் கல்யாணம். பத்திரிகை எங்களிடம் வந்தது. கோர்த்துக்கொண்டிருந்த அக்கா பாதியில் கையை எடுத்துவிட்டார்.

"தம்பி, இங்க பாரு. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மூணு பேரு. மூணு பேருமே தெய்வத்திரு. எங்க மாமியா கூடப் பொறந்தவுக. ஒருத்தரும் நாப்பதத் தாண்டல. அப்ப நான் அந்த வீட்டுக்கு வரவே இல்லையே... இதுல எங்காலடி எங்கருந்து வந்துச்சு?"

ஒவ்வொரு சாவுக்கும் அந்த வீட்டில் ஒரு கதை வைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கிணற்றடியில் பேய் அறைந்தது. ஒருவருக்கு யாரோ மருந்து வைத்தார்கள். ஒருவருக்கு வெயில். வரிசையாக அச்சில் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

அடுத்த வாரமே பிரஸ்ஸில் கிடந்த பழைய பத்திரிகைகளில் அந்தக் குடும்பத்துடையதை எல்லாம் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மகனையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனார். துணைக்கு நான்.

இதய டாக்டர் பத்திரிகைக் கட்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தீங்களா?"

பிறகு அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளில் ஆண்களுக்குக் கட்டம், பெண்களுக்கு வட்டம் போட்டார். சின்ன வயதில் செத்தவர்களுக்குக் கறுப்பு. கோடு நேராக மாமியார் வழியாக இறங்கி, அக்காவின் கணவருக்கு வந்து, முருகேசனிடம் நின்றது.

இதயத்தின் தசை தடித்துப் போகும் நோயாம். ரத்த வழியில் வருமாம். பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சிலருக்கு வயதாகும் வரை ஒன்றும் தெரியாது, சிலர் திடீரென்று விழுந்துவிடுவார்கள். இன்றைக்கு மரபணு, மியூட்டேஷன் என்று போனிலேயே படித்துவிடலாம். அன்றைக்கு எங்களுக்கு அந்தக் கட்டமும் வட்டமும்தான்.

எக்கோ எடுத்தார்கள். முருகேசனுக்கும் இருந்தது.

ஸ்கூலில் ஓட்டப்பந்தயம் என்றால் அவன்தான் முதல். இனி ஓடவே கூடாது, தினமும் மாத்திரை. பஸ் ஸ்டாண்டில் தேம்பித் தேம்பி அழுதான். "அழுலே. நல்லா அழு. ஆனா ஓடுன, காலை ஒடிச்சுப்போடுவேன்." சொல்லிவிட்டு அக்காவும் அழுதார். நானும்...

ஊருக்கு வந்தால் சொந்தக்காரர்கள் சொன்னது என்ன தெரியுமா? "வெளிய மூச்சு விட்றாத. தெரிஞ்சா நம்ம வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

அக்காவுக்கு வந்ததே கோபம்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முதலாளி வீட்டுக்குப் போயிருந்தபோது, அக்காவே எழுத்துக் கோர்த்தார். நான் ஓட்டினேன். சின்ன நோட்டீஸ்தான். 'நம் குடும்பத்தில் நடந்த சாவுகளுக்குக் காரணம் பேயும் இல்லை, காலடியும் இல்லை. இதயத் தசை நோய். ரத்த சொந்தம் உள்ள ஆண், பெண் எல்லாரும் டாக்டரிடம் காட்டுங்கள்.' கீழே அவர் பெயர்.

முதலாளி சீக்கிரம் திரும்பி வந்து பிடித்துவிட்டார். "ஏம்மா, அவுக எம்புட்டு கல்யாண ஆர்டர் குடுக்காக... எல்லாத்தையும் கெடுத்துருவ போலயே?"

"ஆளு இருந்தாத்தான முதலாளி கல்யாணம்?"

முதலாளி நோட்டீஸ் கட்டை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், சந்தனமும் கல்கண்டும் வைத்திருந்த மேஜைக்குப் பக்கத்தில் அக்கா நின்றார். தாலி அறுத்தவள் நிற்கக் கூடாத இடம். அங்கேதான் நின்றார். வந்தவர்கள் கையில் எல்லாம் நோட்டீஸ். நாலு பேர் கிழித்துப் போட்டார்கள், ஒருவர் கையை ஓங்கிக்கொண்டே வந்தார். அக்கா நகரவில்லை.

மாமியார் ஓடி வந்தார். "ஏட்டி, எங்க மானத்த வாங்கவா வந்து நிக்க?"

நான் காத்திருந்தேன். சொல்லுங்கக்கா, 'அத்தை, இது ஒங்க வழியாத்தான் வந்துச்சு'ன்னு சொல்லுங்க... நான் என்றால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"அத்தை, இது ஒங்க குத்தமும் இல்ல. ஒங்களுக்கும் யாரோ குடுத்ததுதான். திங்கக்கிழமை மதுரைக்குப் போறோம். நீங்களும் வாங்க."

மாமியார் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை வந்தார். வழியெல்லாம் புலம்பிக்கொண்டேதான் வந்தார். ஆனால் வந்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை, அவன் தம்பி, சேத்தூரில் இருந்த சொந்தக்காரப் பிள்ளைகள் என்று ஒவ்வொருவராகப் போனார்கள்.

தொண்ணூறுகளில் நான் வேலை மாறினேன். அக்கா மட்டும் அந்த வீடுகளை விடவில்லை. பிள்ளை பிறந்தால் போதும், போய் நிற்பார்... "இதுக்கு எப்ப எக்கோ எடுக்கப் போற?"

இன்று சாயங்காலம் பெரியவர் ஒருவர், "முருகேசனுக்கு நெஞ்சு சரியில்ல, கொள்ளிச்சட்டிய வேற ஆளு தூக்கட்டும்" என்றார்.

"எங்கம்மாவுக்கு நான் இருக்கேன்" என்றான். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு.

அக்காவின் மாமியாருக்கு மகன் கையால் கொள்ளி கிடைக்கவில்லை. மாமியாரின் அம்மாவுக்கு மூன்று மகன்கள் பிறந்தும் கிடைக்கவில்லை.

அக்காவுக்கு முருகேசன் வைத்தான்.

போயிட்டு வாங்கக்கா.