மூன்றாவது கோட்டைத் தாண்டாத முள்

என் காரின் வெப்பமுள் மூன்றாவது கோட்டைத் தாண்டியதில்லை. மொத்தம் எட்டுக் கோடுகள். பதினாறு வருடங்களாகப் பார்த்துவருகிறேன், சித்திரை மதியத்திலும் மூன்றுதான். மற்றவர்களின் வண்டிகள் ஆவி விட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும்போதெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ராஜபாளையத்து நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் நூலைச் சோதித்தவன் நான். எண்ணைக் கண்டால் நம்பிவிடுவேன்.

எங்கள் மகள் இருப்பது கொடைக்கானலில். அவள் பிரசவத்துக்கு இருபத்தாறு நாட்கள் இருந்தபோது மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. பேருந்து என்றால் வளைவுக்கு வளைவு வாந்தி. மலையில் ஏற ஏற மூடுபனி. கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாக மூடிக்கொண்டது. ஹீட்டரைத் திருகினால் குளிர்ந்த காற்று வந்தது. பாதை தெரியவேண்டுமே என்று ஜன்னல்களை இறக்கினேன். ஒன்பதாவது வளைவில் அவள் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. ஓரங்கட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்துநான்கு மூச்சு.

"திரும்பிருங்க," என்றாள். அங்கேயே வண்டியைத் திருப்பினேன்.

மறுநாள் ஃபியூஸ்களைக் கழற்றிப் பார்த்தேன். பதினான்கும் நன்றாக இருந்தன. விசிறி சுற்றியது. அதற்குமேல் எனக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய வண்டிகளை மட்டும் பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிப்போனேன்.

"ஹீட்டரா?" அவர் சிரித்துவிட்டார். "வெளிய வந்து செத்த நேரம் நில்லுங்க சார், ஓசியிலயே கெடைக்கும்."

நான் சிரிக்கவில்லை. மனைவியின் மூச்சுக்கணக்கைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. பானெட்டைத் திறந்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் குழாய்களைத் தொட்டார்.

"நீங்களும் தொடுங்க சார்."

"சுட்டுரும்ல?"

"கடிக்காது, தொடுங்க."

இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தன, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப்போல.

"ராஜபாளையத்துல இருந்து நிக்காம ஓடி வந்த வண்டி. கை வைக்க முடியக் கூடாது. உங்க எஞ்சினு சூடே ஆகல. பொறவு எங்கிட்டு இருந்து உள்ளாற சூடு வரும்?"

"முள் மூணாவது கோட்டத் தாண்டினதே இல்லையே!"

"அதான் சார் நோக்காடு."

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு மேல்குழாய் சேருமிடத்தில் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் ஓட்டை.

"தெர்மோஸ்டாட்டையே காணோம். எஞ்சின் சூடாகுற மட்டும் தண்ணியப் பூட்டி வைக்கிற வால்வு. எந்தப் புண்ணியவான் கழட்டுனது?"

கழற்றச் சொன்ன புண்ணியவான் நான்தான். வண்டி வாங்கிய முதல் கோடையில் ஒருதரம் தண்ணீர் கொதித்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அந்த வால்வு எதற்கு என்று எங்கள் ஊர்ப் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். நானும் தலையாட்டி, கழற்றச் சொன்னேன். அந்த வெயிலைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோகமுடியாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பதினாறு வருடம் பெருமையாகப் பார்த்த அந்த மூன்றுதான் அன்று வளைவில் அவள் மூச்சை அடைத்தது. அங்கிருந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இந்த மாடலுக்கு மதுரையிலதான் தேடணும். எம்புட்டு நாளாகும்னு சொல்லமுடியாது," என்றார்.

பிரசவத்துக்கு இன்னும் பத்தொன்பது நாட்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் வந்தது என்பதையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தையல் மிஷினின் இழுப்பறையைத் திறந்து, பித்தளை வளையம் வைத்த ஒரு சாமானை என் கையில் வைத்தாள்.

"இதுவா பாருங்க."

அதுவேதான்.

"எறியச் சொல்லித் தந்தீக. கனமா இருந்துச்சு. துணி வெட்டுறப்ப பறக்காம இருக்க மேல வச்சுக்கிட்டேன்."

"இம்புட்டு வருஷமாவா?"

"உங்க முன்னாலதான உக்காந்து வெட்டுதேன்?"

வீட்டில் ஜன்னல் கம்பிகளைக்கூட எண்ணிவைத்தவன் நான். இது கண்ணில் படவில்லை.

பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அதை உள்ளே தொங்கவிட்டோம். என்னிடமிருந்த ஆலைக் காலத்துப் பழைய வெப்பமானியையும் போட்டேன். எழுபதில் அசையவில்லை. எண்பதிலும் இல்லை. எண்பத்து மூன்றில் நடுவிலிருந்த தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"ஏங்க, வாயத் தொறக்குது!" என்று கத்தினாள். நான் அடுப்பிலிருந்து இரண்டடி துள்ளி விலகினேன். ஆறியதும் மூடிக்கொண்டது. மூன்று தடவை சோதித்தேன்.

மெக்கானிக் வீட்டுக்கே வந்து, புது பேக்கிங் வைத்து அதைப் பூட்டிக் கொடுத்தார். "வீட்டம்மாவ என் பட்டறைக்கு அனுப்புங்க சார்," என்றார்.

அடுத்த நாளே கிளம்பினோம். ஊர் எல்லையைத் தாண்டும்போது முள் நான்கைத் தொட்டது. வண்டியை நிறுத்திவிட்டேன்.

"எதுக்கு நிப்பாட்டுனீக?"

"நாலு."

"அம்புட்டுக்குத்தான் நிக்கணும்னு அவரு சொன்னாருல்ல?"

அது நான்கிலேயே நின்றது. ஆனாலும் மலையேறும்போது என் கண் அங்கேயே போனது. மூடுபனி வந்தது. ஹீட்டரைத் திருகினேன். வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்ததுபோல் முகத்தில் சூடு அடித்தது. கண்ணாடி கீழிருந்து தெளிந்துகொண்டே வந்தது. மனைவி சால்வையைக் கழற்றி மடியில் போட்டாள். நான் அவள் மூச்சை எண்ணத் தொடங்கியது எப்படியோ தெரிந்துவிட்டது.

"நீங்க ரோட்டப் பாருங்க. எண்ணுறத நான் எண்ணுதேன்."

அவள் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். ஒன்பதில், போனதரம் ஓரங்கட்டிய இடத்தைத் தாண்டினோம். பிறகு, "பத்து," என்றாள்.