சைக்கிள் கடையின் தலபுராணம்

கேட்ட ஹெல்மெட்டைக் கொடுக்காமல் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே பேசுகிறார் தணிகாசலம். "நீ இத்த சாதாரண கடைன்னு நெனச்சிக்கினு வந்துட்ட. இதுக்குப் பின்னால பெரிய சரித்திரம் இருக்குதுபா" என்று அவர் தொடங்கிவிட்டால், வாங்க வந்தவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தாலும் தப்ப முடியாது. முழுவதும் கேட்ட பிறகுதான் ஹெல்மெட் கைக்கு வரும்.

தணிகை சைக்கிள்ஸ் அண்டு மோட்டார் அக்சஸரீஸுக்குக் காஞ்சிபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் பல கிளைகள். எல்லாவற்றிலும் அதே மஞ்சள் பலகை, அதே சீட் கவர், அதே ஹாரன், வாசலில் அதே குழந்தைகள் சைக்கிள் வரிசை. சரித்திரம் மட்டும் கிளைக்குக் கிளை மாறும். காந்தி ரோடு கடையில் ஐயா பன்னிரண்டு வயதில் ஒரே ஒரு பம்பை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கினார். வாலாஜாபாத் கடையில் அது பத்து வயதாகிவிடும். இன்னும் இரண்டு கிளை திறந்தால் தொட்டிலில் படுத்தபடியே பஞ்சர் ஒட்டியிருப்பார்.

சைக்கிளிலிருந்து மோட்டார் வண்டிச் சாமான்களுக்கு வந்த கதை இன்னும் விசேஷம். காமாட்சியம்மன் கனவில் வந்து, "கண்ணாடி வித்துப் பொழைச்சிக்கடா" என்றாளாம். அத்தனை பக்தர்கள் காத்துக் கிடக்க, அம்மன் இவரைத் தேடி வந்து வண்டிக் கண்ணாடி வியாபாரம் பேசியிருக்கிறாள்! சொல்லும்போது கன்னத்தில் போட்டுக்கொள்வார். கேட்பவரும் போட்டுக்கொண்டால் தள்ளுபடி உண்டு.

ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். அவருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. இன்றுவரை ஸ்டாண்டு போட்ட சைக்கிளில் ஏறிப் படத்துக்குப் போஸ் கொடுப்பதோடு சரி. யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், "பத்து பேர ஓட்ட வெக்கிறவன்தான்பா மொதலாளி" என்பார்.

பிள்ளையார்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் உண்மையான சரித்திரம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். இவருடைய அப்பா பஞ்சாட்சரம் வாடகை சைக்கிள் கடை வைத்தார். கொஞ்ச நாளில் இழுப்பு வந்து படுத்துவிட்டார். கடையை நடத்தியது மூத்த மகள் கமலவேணி. தறிக்காரர்கள் ஜரிகை வாங்கவும் சேலை கொண்டுபோய்க் கொடுக்கவும் எடுக்கிற சைக்கிள்களுக்குக் காற்றடித்து, பஞ்சர் ஒட்டி, திருப்பித் தராதவர்களை வீட்டு வாசலில் போய்ப் பிடித்தவர் அவர்தான். மாகறலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற அன்று, "ஊர்ல பைக்கு வந்துக்கினு இருக்குது, சீட் கவரும் கண்ணாடியும் வாங்கி வைடா" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுப் போனவரும் அந்த அக்காதான். அதைத்தான் இவர் அம்மன் கணக்கில் எழுதிவிட்டார்.

அக்காவை அடியோடு மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அக்காவின் கைராசியில் தம்பிக்கு அபார நம்பிக்கை. எந்தக் கிளை திறந்தாலும் மாகறலுக்குக் கார் போகும். முதல் சாமானை அக்கா தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் போணி. போணி ஆனதும், விருந்தாளிகள் சாப்பிட உட்காருவதற்குள் அதே கார் அக்காவை ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும். இப்படியும் ஒரு பாசம்!

போன மாதம் ஏனாத்தூரில் புதுக் கிளை. கடைச் சுவரில் நிறுவன வரலாற்றையே படங்களாக மாட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு, தம்பியிடம் எதுவுமே கேட்டறியாத கமலவேணி ஒன்று கேட்டார். "அந்த வாடகை சைக்கிள் போட்டோவுல நானும் இருக்கிறேன். அத்த மாட்டுடா. நான் கடை நடத்தினேன்னா எம் மருமவ நம்பவே மாட்டேன்றா."

"ஆவட்டும்க்கா" என்றார் தம்பி. கடைக்குக் கணக்கு எழுதுகிற நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

திறப்பு விழாவன்று படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. சைக்கிள் சீட்டில் சிறுவன் தணிகாசலம், ஒரு பக்கம் அப்பா. கீழே 'நிறுவனர், தந்தையுடன்' என்று எழுத்து. மறுபக்கம் நின்ற அக்காவை வெட்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் பையன் விழாமல் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தது அக்காவின் கை. அதை வெட்டினால் சைக்கிளும் பாதி போய்விடும். அதனால் வளையல் போட்ட ஒரு கை மட்டும், யாருடையது என்று தெரியாமல், படத்தின் ஓரத்தில் நின்றது.

மருமகள் மஹாலட்சுமியை அழைத்துக்கொண்டு வந்திருந்தார் கமலவேணி. "இதுல நீங்க எங்க இருக்கிறீங்க அத்தே?" என்று அந்தப் பெண் கேட்டாள். கமலவேணி தம்பியைப் பார்த்தார்.

"டிசைன் பண்றவன் சொன்னான்க்கா, லேடீஸ் இருந்தா பிராண்டுக்கு செட் ஆவாதாம். அத்த வுடு, நல்ல நேரம் போவுது" என்று ஒரு மொபைல் ஹோல்டரை நீட்டினார் தணிகாசலம். அதை வாங்க, ஸ்கூட்டியில் வந்த ஜோதிகா என்ற கல்லூரி மாணவி கவுண்டரில் காத்திருந்தாள்.

கமலவேணி இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"எங் கைய மட்டும் செவுத்துல மாட்டி வெச்சிக்கினு இருக்கிறியே, போணிய அதுங்கிட்டயே வாங்கிக்கடா."

மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டார். தணிகாசலம் பின்னால் ஓடுவார், காலைப் பிடித்தாவது கூட்டி வருவார் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சுவரருகே போய், படத்தில் இருந்த அந்தக் கையில் மொபைல் ஹோல்டரைப் பயபக்தியோடு ஒருமுறை ஒற்றி எடுத்து, ஜோதிகாவிடம் நீட்டினார்.