மோர்மிளகாய் செய்த பாவம்

யாழ்ப்பாணம் விட்டு வந்து குடியேறிய வோபர்னில், எங்கள் வீட்டுக் குசினியில் தேனுக்குத் தடை. தேனீக்களிடம் அனுமதி கேட்காமல் எடுத்ததாம். தடை போட்டவள் என் மகள் ஆரணி. இங்கேயே பிறந்தவள்; விலங்குகளுக்காகக் குரல்கொடுக்கும் வீகன் குழுவொன்றில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடமாட்டாள். பிஸ்கட் பெட்டியின் பின்பக்கத்தை வாசிக்கும் கவனத்தோடு பாடப்புத்தகத்தை வாசித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். அதுகூடப் பரவாயில்லை. நான் சமைத்த எதையும் அவள் தொடாததுதான் எனக்கு வலித்தது. "உங்கட சட்டியளை நம்பேலாது அம்மா" என்றுவிட்டாள்.

யாழ்ப்பாணத்தாளிடம் சொல்லும் பேச்சா இது? எங்களிடம் சைவத்துக்கு ஒரு சட்டி, மச்சத்துக்கு ஒரு சட்டி, அகப்பைகூட மாறாது. ஞாயிற்றுக்கிழமை ஊரார் சேர்ந்து ஆடடித்துப் பிரிக்கும் பங்கு இறைச்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுக்கும் என் அப்பா, வெள்ளிக்கிழமை எறும்பை மிதித்துவிடாமல் கோயில் வீதியைச் சுற்றுவார். உயிர்களிடம் அன்பு காட்ட நாங்கள் கிழமை குறித்து வைத்திருந்தோம்.

"வெள்ளிக்கிழமையில நானும் உங்கட கட்சிதானே பிள்ளை" என்றேன்.

"மாட்டுக்கு வெள்ளிக்கிழமை தெரியாதம்மா" என்றாள்.

அவளை எப்படியும் என் சோற்றுக்குத் திருப்ப வேண்டும். பார்க்டேலில் அவர்கள் குழு கூடிச் சாப்பிடும் நாளில் சமையலை நானே வலிந்து ஏற்றேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பலாக்காய்ப் பிரட்டல், எல்லாம் தேங்காய்ப்பாலில். நெய்யைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றோடு கடிக்கக் கொஞ்சம் மிளகாயும் பொரித்தேன். ஆரணி என்னை ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போய்க் காட்டினாள். மாட்டுப் படம் போட்ட சட்டையோடு நின்ற குழுத் தலைவி ஜூடி, பொரித்த மிளகாய் அற்புதம், எப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அப்போது ஐந்தாவது மிளகாய் அவள் கையில் இருந்தது. நானும் பெருமை பொங்க, கீறி, உப்புப் போட்டு, யோகர்ட்டில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அடுக்கினேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. மோர்மிளகாய்; பெயரிலேயே மோர் இருக்கிறது! ஆனால் விரதச் சோற்றுக்கே பொரிக்கிற சாமானைச் சந்தேகிக்க எனக்கு எப்படித் தோன்றும்?

பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைக் கீழே வைத்தார்கள். ஆரணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. இனி இவள் என் கையால் ஒரு பருக்கையும் தின்னமாட்டாள் என்றே நினைத்தேன். நிலைமையைச் சமாளிக்க, எங்கள் ஊரில் மாடுகளைத் தெய்வமாகப் பார்ப்போம், அவற்றுக்கென்றே வருடத்தில் ஒரு நாள் பொங்கிப் படைப்போம் என்றேன். ஜூடியின் முகம் கொஞ்சம் இளகியது. அந்தப் பொங்கலில் என்ன போடுவீர்கள் என்று ஆவலாகக் கேட்டாள்.

"மில்க்" என்றேன்.

முதலில் வெடித்துச் சிரித்தவள் ஆரணி. "ஐயோ அம்மா, காணும், வாயை மூடுங்கோ!" என்று என் தோளில் சாய்ந்துவிட்டாள். ஜூடி பாதி மிளகாயைத் தட்டில் வைத்தாள். மனமில்லாமல்தான் வைத்தாள்; நான் பார்த்தேன்.

மறுவாரம் ஆரணி பச்சை மூடி போட்ட புதுச் சட்டியொன்றோடு வந்தாள். "இதில சமைச்சால் நான் சாப்பிடுவன். தயிரைக் கிட்டவும் கொண்டுவரக் கூடாது." அன்று என் கத்தரிக்காயை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். அப்பாடா என்றிருந்தது.

இப்போது என் அடுப்பில் மூன்று சட்டிகள். சனிக்கிழமைகளில் ஒன்றில் அவளுடைய பருப்பு அவிய, மற்றதில் எனக்கு நண்டு கொதிக்கும். நண்டுக் கறியை இன்னும் ஆசையாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் நண்டைச் சட்டியில் போடும்போது மட்டும், அதன் கண்ணைப் பாராமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.